பின் வாங்குப் பிள்ளைகளும் பேசட்டும்

ஊவா மலைச் சரிவெங்கும் ஞாயிறு காலையில் ஆலய மணி ஒலிக்கக் கேட்கலாம். பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, அப்புத்தளை என நகரங்களிலே பெரிய ஆலயங்கள். அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களிலே, தேயிலைக்கு நடுவே தகரக் கூரை வேய்ந்த சிற்றாலயங்கள். வார நாளெல்லாம் கொழுந்துக் கூடை சுமந்த தாய்மாரும், கவ்வாத்துக் கத்தி பிடித்த தந்தையரும் முன் வாங்குகளில் அமர்கின்றனர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் கடைசியாக வந்து கடைசி வாங்கிலே இடம் பிடிக்கின்றனர்.

அப்பிள்ளைகள் பாடுவார்கள், வேதபாடம் வாசிக்கச் சொன்னால் வாசிப்பார்கள், நத்தார் வந்தால் நாடகமும் நடிப்பார்கள். ஆனால், "உன் விசுவாசம் உனக்கு எவ்வாறு இருக்கின்றது? அதனை எமக்கும் சொல்" என்று அவர்களை வினவும் பெரியோர் எத்தனை பேர்?

இக்கேள்வி கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. தம் சமயத்தைத் தம் பிள்ளைகளுக்குக் கையளிக்க விரும்பும் எல்லாப் பெற்றோருக்கும் உரியதே. எனினும் ஊவாப் பகுதியின் தமிழ்க் கிறிஸ்தவ சபைகள் கடந்து வந்த பாதையை நோக்குவோமாயின், இதன் விடையைத் தேடுவது எளிதாகும்.

மேலிருந்து கீழே வந்த போதனை

தென்னிந்தியாவிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருள் ஏற்கெனவே கிறிஸ்தவராயிருந்தோரும் இருந்தனர். அவர்களுக்கும் ஏனைய தமிழ்த் தொழிலாளருக்கும் பணியாற்றுவதற்காக 1854-ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்த மிஷனரிச் சங்கத்தார் தோட்டத் துரைமாரின் துணையுடன் ஒரு பணியை ஆரம்பித்தனர். "தமிழ்க் கூலி மிஷன்" என்பது அக்காலத்தில் அதற்கு இடப்பட்ட பெயர். திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்கள் தோட்டந்தோட்டமாக நடந்து சென்று மக்களுக்குப் போதித்தனர்.

பதுளை நகரிலே 1857-இல் எழுந்த புனித மாற்கு ஆலயம், 1845-இல் அப்புத்தளையில் இடிவிழுந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாகக் கட்டப்பட்டது. அவர் பெயரைச் சொல்ல அங்கே கல்லெழுத்து உண்டு. தோட்டந்தோட்டமாக நடந்த உபதேசியார் பலருக்கோ ஒரு கல்லும் இல்லை. அவர்கள் கற்பித்த செபங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் குடும்பங்களே அவர்களுடைய நினைவுச் சின்னம்.

இவ்வாறு வளர்ந்த சபைகளிலே ஒரு பழக்கம் வேரூன்றியது இயல்பே. போதிப்பவர் ஒருவர், கேட்போர் பலர். உபதேசியார் சொல்வார், பெற்றோர் கேட்பர். பெற்றோர் சொல்வர், பிள்ளைகள் கேட்பர். தோட்டத்து நிருவாகமும் துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி, தொழிலாளி என மேலிருந்து கீழே இறங்கி வந்த ஏணியாகவே இருந்தது. அவ்வேணியின் நிழல் ஆலயத்திலும் விழுந்தது என்றால் மிகையாகாது.

ஆனால் வீட்டினுள்ளே நிகழ்ந்தது வேறு. தோட்டப் பாடசாலைகளில் நெடுங்காலம் சில வகுப்புகளே இருந்தன. 1970-களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஆகவே எழுத்தறியாத பாட்டிக்கு வேதாகமத்தை வாசித்துக் காட்டியவன் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. வாசிப்பவன் சிறுவன், விளக்கம் சொல்பவள் முதியவள். பாட்டி மனனமாய் அறிந்திருந்ததைப் பேரன் எழுத்திலே கண்டான். பேரன் எழுத்திலே கண்டதைப் பாட்டி தன் வாழ்விலே கண்டாள். விசுவாசம் அங்கே ஒருவழிப் பாதையாக இருக்கவில்லை. வீட்டிலே இருந்த இக்கொடுக்கல் வாங்கல் ஆலயத்திலும் ஏன் இருத்தலாகாது?

இளையவர் சொல் கேட்ட மூத்தோர்

அப்புத்தளையில் 1931-இல் ஆங்கிலச் செல்வர் ஒருவர் கட்டிய அடிஷாம் மாளிகையை அறியாதார் ஊவாவில் இலர். பின்னர் அது புனித ஆசீர்வாதப்பர் எனத் தமிழர் வழங்கும் பெனடிக்ட் முனிவரின் சபைத் துறவியரது மடமாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் அம்முனிவர் தம் மடத்தார்க்கு வகுத்த ஒழுங்கு நூலில் வியக்கத்தக்க விதியொன்று உண்டு. முக்கியமான காரியம் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டி வந்தால், மடாதிபதி மடத்தார் அனைவரையும் கூட்டி ஆலோசனை கேட்க வேண்டும். எதற்காக அனைவரையும்? பல வேளைகளில் மேலான வழியை இறைவன் இளையவருக்கே புலப்படுத்துகிறார் என்பதற்காக. வயதும் பதவியும் பெரிதாக மதிக்கப்பட்ட ஒரு காலத்தில் எழுதப்பட்ட விதி இது.

அதே துறவற சபையைச் சேர்ந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. 1959 முதல் கண்டியின் ஆயராயிருந்த அவர், ஊவா மாகாணத்திற்கெனப் பதுளை மறைமாவட்டம் 1972-இல் அமைக்கப்பட்டபோது, வளமிக்க கண்டியை விட்டு வறிய புது மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் "சேவக செவன" என்னும் குருமடத்தை நிறுவினார். குருத்துவ மாணவர் மதிலுக்குள் மட்டும் இருந்து கற்றால் போதாது. கிராமத்தவரோடும் தோட்டத்தவரோடும் கூடி வாழ்ந்து அவர்களிடமிருந்தும் கற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1982-இல் அவர் மறைந்தார். போதிக்க வந்தவன் முதலிற் செவிசாய்க்கக் கற்க வேண்டும் என்னும் அவரது படிப்பினை மறையவில்லை.

உலகின் பிற பாகங்களிலும் இவ்வெண்ணம் தோன்றிற்று. அமெரிக்காவின் மேயின் மாநிலத்திலே போர்ட்லண்ட் நகரில், 1881-ஆம் ஆண்டு பெப்ரவரி 2-ஆம் நாள், பிரான்சிஸ் கிளார்க் என்னும் குருவானவர் தம் சபை இளைஞரைக் கூட்டிக் கிறிஸ்தவ முயற்சிச் சங்கத்தை ஆரம்பித்தார். உறுப்பினர் ஒவ்வொருவரும் கூட்டத்தில் ஒரு வார்த்தையேனும் தம் வாயால் சொல்ல வேண்டும் என்பது அதன் நியதி. அச்சங்கம் விரைவிலே பல நாடுகளுக்கும் பரவி, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் கால் கொண்டது. பெல்ஜியத்தில் 1925-இல் யோசேப்பு கார்டைன் அடிகள் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளைஞர்களுக்காக ஓர் இயக்கத்தை நிறுவி, "பார், சீர்தூக்கு, செயற்படு" என்னும் மூன்று படிகளை அவர்களுக்குக் கற்பித்தார். வாழ்வில் நடப்பதை முதலிற் பார். வேதத்தின் ஒளியில் அதனைச் சீர்தூக்கு. பின்பு செயலில் இறங்கு என்பது அதன் பொருள். 2018-இல் இளைஞரைப் பற்றி உரோமையில் ஆயர்கள் மன்றம் கூடுவதற்கு முன்னர், மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் ஏறத்தாழ 300 இளைஞரை அங்கு அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கச் செய்தார்.

சித்தியடையாதவனின் சாட்சி

நம் சபைகளில் இளைஞர் பேசுவதே இல்லையா என்று வாசகர் கேட்கலாம். பேசுகிறார்கள். இளைஞர் ஞாயிறு வரும். ஓர் இளைஞன் எழுந்து சாட்சி கூறுவான். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு கிடைத்தது, இறைவனுக்கு நன்றி என்பான். சபையார் மகிழ்வர். மகிழ வேண்டியதே.

ஆனால் அதே பரீட்சை எழுதிச் சித்தியடையாத இன்னொருவன் பின் வாங்கிலே தலைகுனிந்து இருக்கிறானே, அவனுக்குச் சாட்சி இல்லையா? அவனும் செபித்தவன்தான். அவன் தாயும் அதிகாலையில் எழுந்து, மலை ஏறு முன் முழங்காற்படியிட்டவள்தான். அவன் மனத்திலே ஒரு கேள்வி இருக்கிறது: "அவனுக்குச் செவிசாய்த்த கடவுள் எனக்கு ஏன் செவிசாய்க்கவில்லை?" அதை அவன் எங்கே கேட்பான்? ஆலயத்தில் கேட்கக் கூடாதென்றால் ஆலயத்திற்கு வெளியிலேதான் கேட்பான். சில மாதங்களிலே கொழும்புக் கடையொன்றில் வேலைக்குப் போய்விடுவான். பின் வாங்கில் ஓரிடம் வெறுமையாகும். "பையன் பட்டணம் போய்க் கெட்டுவிட்டான்" என்று சபை சொல்லும். அவன் போவதற்கு முன்பே அவனைக் கேளாமல் விட்டதை யார் சொல்வார்?

வெற்றியை மட்டும் கேட்கும் சபை பரிசளிப்பு விழாவாகலாம், குடும்பமாகாது. குடும்பம் என்பது தோற்று வந்த பிள்ளைக்கும் சோறு போடும் இடமன்றோ!

வேதாகமம் இதில் நம்மைவிடத் துணிவுடையது. சங்கீதங்கள் 150-இல் முறையீடாகவும் புலம்பலாகவும் அமைந்தவை மிகப் பல. ஆலயத்தில் வளர்ந்த சிறுவன் சாமுவேலுக்கு இறைவாக்கு வந்தபோது, முதிய குரு ஏலி அதனை மறைக்காமற் சொல்லும்படி கேட்டார். அச்செய்தி ஏலியின் குடும்பத்துக்கே எதிரானது. இருந்தும் அம்முதியவர் சிறுவனைக் கடிந்துகொள்ளவில்லை. தோமாவோ, கண்டாலன்றி நம்பேன் என்றார். எட்டு நாட்களுக்குப் பின்னும் அவர் மற்றச் சீடரோடு அதே அறையில் இருந்தார் என்பதை நாம் கவனிப்பதில்லை. ஐயமுற்றவரை அவர்கள் வெளியே தள்ளவில்லை. தள்ளியிருந்தால் அவர் எங்கே கண்டிருப்பார்?

ஊவா மக்களுக்கு இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. 2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மீது மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் தப்பிய பிள்ளைகள் உண்டு. அவர்களுட் பெற்றோரை இழந்தவர்களும் உண்டு. எச்சமயத்தைச் சேர்ந்தவராயினும், அத்தகைய பிள்ளையிடம் ஆயத்தமான விடையொன்றைக் கொடுத்து வாயடைப்பது பக்தியாகாது. பக்கத்தில் அமர்ந்து, அப்பிள்ளை பேசும்வரை காத்திருப்பதே பக்தி.

எவ்வாறு பேசுவது, எவ்வாறு கேட்பது?

மாணவர்களுக்கு முதலிற் சில வார்த்தைகள். சபைமுன் பேசுவது பிரசங்கமன்று. பிறர் சொன்னதை மனனஞ் செய்து ஒப்புவிப்பதுமன்று. ஐந்து நிமிடம் போதும். அவ்வாரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுங்கள். அதனால் உங்கள் விசுவாசம் தளர்ந்ததா, வலுப்பெற்றதா என்பதைச் சொல்லுங்கள். விளங்காததை விளங்கவில்லை என்றே சொல்லுங்கள். பாட்டியிடமோ தாயிடமோ கற்ற செபம் ஒன்று துன்ப வேளையில் நினைவுக்கு வந்திருந்தால் அதனையும் சொல்லுங்கள். அதனைக் கேட்கும் பாட்டிக்கு அதைவிடப் பெரிய பரிசில்லை.

ஒரு தற்காப்பும் வேண்டும. சுவருக்கும் காதுண்டு என்பர். லயத்துச் சுவருக்குக் காதோடு வாயும் உண்டு. தந்தையின் குடி, வீட்டிலுள்ள சண்டை, தனக்கு நேர்ந்த கொடுமை ஆகியவற்றைச் சபை நடுவிலே சொல்ல எப்பிள்ளையையும் தூண்டலாகாது. அவை நம்பத் தகுந்த பெரியவர் ஒருவரிடம் தனியே சொல்லப்பட வேண்டியவை. அவர் கேட்டதோடு நில்லாது, உதவிக்கும் வழி செய்ய வேண்டும்.

பெரியோருக்கும் சொல்ல வேண்டியதுண்டு. பிள்ளை பேசி முடித்ததும் திருத்த எழாதீர்கள். ஆலய வாசலில் அவன் சொன்னதைக் கேலி செய்யாதீர்கள். ஒருமுறை நகைத்துவிட்டால் அவன் மறுமுறை வாய் திறவான். "நீ சொன்னதைக் கேட்டேன், தம்பி, எனக்கும் உன் வயதில் அப்படியே இருந்தது" என்று ஒரு முதியவர் சொல்வாராயின், அது பத்துப் பிரசங்கங்களுக்கு ஈடாகும். பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகவே முறை கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் மேடையேற்றிப் பின்பு மறந்துவிடாது, மாதத்தில் ஒரு ஞாயிறாவது அவர்களுக்கென ஒதுக்குங்கள்.

ஊவாவிலே இளையோர்க்கு இன்னொரு பணியும் உண்டு. ஒரே ஆலயத்தில் தமிழ் வழிபாடு ஒரு நேரம், சிங்கள வழிபாடு ஒரு நேரம் என நடக்கும் இடங்களில், இரு மொழியும் பழகிய பிள்ளைகளே இரு சபைக்கும் பாலமாகத் தக்கவர்கள். பெரியோர் புன்னகையோடு நிறுத்திக்கொண்ட உறவை அவர்கள் பேச்சினாலே தொடர முடியும்.

அயல் வீட்டாரின் சமயத்தைக் குறை கூறுவதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தன் வீட்டிலே உண்மை பேசப் பழகிய பிள்ளை, கோயிலுக்குச் செல்லும் அயல் வீட்டுத் தோழனின் பக்தியையும் மதிக்கக் கற்றுக்கொள்வான்.

கொழுந்து பறிப்பவர் அறிவர்: இளந்தளிரைப் பேணாத தோட்டத்தில் முதுமரம் மட்டும் நின்று பயனில்லை. இளையோர் நாளைய சபை என்று சொல்லிச் சொல்லி நாளைக்கே அவர்களைத் தள்ளி வைக்கிறோம். அவர்கள் இன்றைய சபை. அவர்கள் ஊரில் இருக்கும்போதே, அவர்கள் கேள்வி சூடாக இருக்கும்போதே, செவி கொடுப்போமாக.