கருகாமல் மீன் சுடலாம், வாங்க!

லீவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அக்கா மகன், தேவதானத்து வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு செல்போனில் ஒரு படத்தைக் காட்டினான். இரும்புப் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. பக்கத்தில் ஒரு பெட்டி, மேலே புகைபோக்கி.

"இதுலதான் மாமா வாரா வாரம் சால்மன் மீன் சுடுறோம். பெல்லட் கிரில்னு பேரு. பட்டனைத் தட்டிட்டா போதும், மத்ததை அதுவே பார்த்துக்கும்."

எட்டிப் பார்த்த அம்மாச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மீன் சுடக் கரண்டா? நாங்கள்லாம் சிரட்டையைக் கொளுத்திப் போட்டுச் சுட்டுத் தின்னவங்கய்யா!"

அம்மாச்சி சொன்னது உண்மைதான். ஆனால் அவர் சுட்ட மீனைச் சின்ன வயதில் சாப்பிட்டவன் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேலே கரிக்கட்டை, முள்ளோரம் பச்சை! பேரனின் மீன் அப்படி இருக்காது. ஏன் இருக்காது என்று தெரிந்துகொண்டால், அந்த அடுப்பை வாங்காமலேயே அந்தப் பக்குவத்தை நம் வீட்டுக் கொல்லையில் கொண்டுவந்துவிடலாம்.

பெல்லட் என்பது வேறொன்றுமில்லை, மரத்தூள். அதைச் சூடாக்கி அழுத்தி, மாட்டுத் தீவனக் குச்சி போலச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியிருப்பார்கள். மரத்தில் இயற்கையாகவே இருக்கிற லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகிப் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். 1980களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜோ டிரேகர் என்பவர் இந்த அடுப்பை உருவாக்கி விற்பனைக்குக் கொண்டுவந்தார். பக்கத்துப் பெட்டியில் குச்சிகளைக் கொட்டிவிட்டால், திருகாணி போன்ற தண்டு ஒன்று சுழன்று கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குள் தள்ளும். ஒரு சின்ன ஃபேன் காற்று கொடுக்கும். உள்ளே சூடு குறைந்தால் குச்சி அதிகமாக விழும், கூடினால் குறையும். அவ்வளவுதான் அதன் மூளை!

கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான் வருகிறது. நெருப்புக் கிண்ணத்துக்கும் மீனுக்கும் நடுவே ஓர் இரும்புத் தகடு இருக்கிறது. தணல் மீனை நேராகப் பார்ப்பதே இல்லை. மீனிலிருந்து உருகிச் சொட்டும் கொழுப்பும் நெருப்பில் விழாமல், தகட்டில் வழிந்து ஒரு டப்பாவில் போய்ச் சேர்ந்துவிடும். மீன் வேகிறது என்றால் அது சுற்றி வருகிற சூடான காற்றால்தான். 190 டிகிரி செல்சியஸில் வைத்தால் சால்மன் துண்டு கால் மணி, இருபது நிமிடத்தில் ரெடி. 107 டிகிரியில் நிதானமாக விட்டால் ஒரு மணி நேரம் ஆகும், புகை வாசனை நன்றாக இறங்கும். சூடு அதிகமானால் மீன் மேல் வெள்ளையாகத் தயிர்த் திப்பி போல ஒன்று பொங்கி நிற்கும். அழுக்கு இல்லை, பயப்பட வேண்டாம். சதை சுருங்கியதால் பிதுங்கி வந்த புரதம்தான் அது. ஆனால் 'சூட்டைக் குறை' என்று மீனே சொல்கிறது என எடுத்துக்கொள்ளலாம்.

சரி, கொழுப்பு நெருப்பில் விழுந்தால்தான் என்ன? சொட்டு விழுந்ததும் 'சொய்ங்' என்று புகை எழும்புகிறதே, அந்தப் புகையில் பாலிசைக்ளிக் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன் என்ற நீளமான பெயர் கொண்ட ரசாயனங்கள் உண்டாகி, மேலே ஏறி மீனில் ஒட்டுகின்றன. இந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பென்சோபைரீன், மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதியாகச் சொல்லும் முதல் பட்டியலில் இருக்கிறது. இது போதாதென்று, இறைச்சியோ மீனோ கடும் சூட்டில் கருகும்போது வேறொரு வகைக் கெடுதலான பொருள்கள் சதையிலேயே உண்டாகின்றன. மாதத்துக்கு ஒருமுறை சுட்ட மீன் சாப்பிட்டதற்காக யாரும் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கருகிய தோலைத்தான் 'இதுதான்டா ருசி' என்று குழந்தைகள் பிய்த்துத் தின்கிறார்கள், அதைப் பெரியவர்கள் ஊக்குவிக்கவும் செய்கிறோம். அதைச் சுரண்டி ஒதுக்கிவிடுங்கள்.

சால்மனேதான் வேண்டுமா?

அக்கா மகனுக்குச் சால்மன் மேல் அவ்வளவு பிரியம் வரக் காரணம் ஒமேகா-3 கொழுப்பு. இதயத்துக்கு நல்லது, கர்ப்பத்தில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் வேண்டியது. வாரத்தில் இரண்டு முறை மீன் சாப்பிடுங்கள் என்று அமெரிக்க இதய சங்கமும் சொல்கிறது. எல்லாம் சரி. ஆனால் சால்மன் குளிர்க் கடல் மீன். நம் ஊர்ப் பெரிய கடைகளில் ஐஸ் பெட்டியில் கிடப்பது பெரும்பாலும் நார்வே போன்ற நாடுகளில் பண்ணையில் வளர்த்து விமானத்தில் வந்தது. கிலோ விலை ஆயிரத்தைத் தாண்டி எங்கோ நிற்கும். சில கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று மலிவாக ஒன்றைத் தருவார்கள். அது நம்ம காலா மீன்! நல்ல மீன்தான், ஆனால் சால்மனுக்கும் அதற்கும் பெயரைத் தவிர எந்த உறவும் கிடையாது.

ஒமேகா-3தான் குறி என்றால் கைக்கெட்டும் தூரத்திலேயே சாளை இருக்கிறது. சென்னைப் பக்கம் மத்தி என்பார்கள். கொழுத்த பருவத்தில் இந்தச் சின்ன மீன் ஒமேகா-3 விஷயத்தில் சால்மனுக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. சின்ன மீன் என்பதால் சுறா போன்ற பெரிய மீன்களில் சேர்கிற அளவுக்குப் பாதரசமும் இதில் சேர்வதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: யூரிக் அமிலம் கூடி, கால் பெருவிரல் வீங்கி அவதிப்படுகிறவர்கள் சாளையை அடிக்கடி சாப்பிடக் கூடாது.

இதில் நம் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் ரோட்டில் சேத்தூரைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கிறது தேவதானம். கடல் மீன் தூத்துக்குடியிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்தாக வேண்டும். சாளை, கானாங்கெளுத்தி, சூரை மூன்றும் வழியில் ஐஸ் இல்லாமல் சூடேறினால், பாக்டீரியா வேலை செய்து சதையில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலி, வாந்தி என்று படுத்தும். 'மீன் அலர்ஜி' என்று நினைத்துக்கொள்வார்கள். மோசமான செய்தி என்னவென்றால், ஹிஸ்டமினை எவ்வளவு வேக வைத்தாலும் அது போகாது. சுட்டாலும் பொரித்தாலும் இருக்கும். ஆகவே வாங்கும்போதே பாருங்கள். ஐஸில் புதைந்திருக்க வேண்டும், சும்மா ஐஸ் தண்ணீர் தெளித்திருந்தால் போதாது. கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் பள்ளம் விழாமல் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்குக் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

கண்மாய் மீனுக்கு இந்தக் கவலை குறைவு. விரால் உயிரோடவே கிடைக்கும். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாம் காலையில் பிடித்தது மதியம் சட்டிக்கு வந்துவிடும். ஆனால் நன்னீர் மீனில் புழுக்களும் அவற்றின் முட்டைகளும் இருக்க வாய்ப்புண்டு. அதை அரைவேக்காட்டில் சாப்பிடவே கூடாது. 'சால்மனை உள்ளே கொஞ்சம் பச்சையா விட்டாத்தான் டேஸ்ட்' என்று பேரன் சொல்கிற கதையைக் கண்மாய் மீனிடம் காட்டாதீர்கள்!

கொல்லையில் ஒரு கிரில்

குமுட்டி அடுப்பு பெரிதாக இருந்தால் போதும். இல்லையென்றால் ஓரம் உயர்ந்த பழைய இரும்புச் சட்டி. கரிக்குச் சீமைக்கருவேலங்கரி நம் மாவட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும். மலையடிவாரத் தென்னந்தோப்புக்காரர்கள் வீட்டில் சிரட்டைக்கா பஞ்சம்? வாசனைக்கு மாந்தோப்பில் கவாத்து செய்த காய்ந்த குச்சி இரண்டு. மலையில் விறகு பொறுக்குவது மட்டும் வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் மலைக்காடுகள் 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். பெயின்ட் அடித்த பழைய ஜன்னல் சட்டம், ஆணி அடித்த பெட்டிப் பலகை இவற்றையும் தொடாதீர்கள். அரளிக் குச்சியை அடுப்பில் போடுவதோ, அதில் மீனைக் குத்திச் சுடுவதோ கூடவே கூடாது. அரளி விஷம் என்று தெரியாதவர்கள் இல்லை, ஆனால் நேராக இருக்கிறதே என்று ஒடிப்பவர்கள் இருக்கிறார்கள். கம்பி வலையும் எவர்சில்வரில் இருக்கட்டும். கோழிக்கூண்டுக்கு அடிக்கிற வலையில் துத்தநாகப் பூச்சு இருக்கும், தணலில் அது ஆகாது.

கரியைப் பற்றவைத்து, தீ அடங்கி, மேலே வெள்ளைச் சாம்பல் படியும்வரை பொறுங்கள். அரை மணி ஆகும். பிறகு இடுக்கியால் தணல் முழுவதையும் அடுப்பின் ஒரு பக்கமாக ஒதுக்கிவிடுங்கள். காலியான பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மேலே வலை. மீன் தட்டுக்கு நேர் மேலே இருக்க வேண்டும், தணலுக்கு மேலே அல்ல. மேலே ஒரு மண்சட்டியைக் கவிழ்த்து, காற்றுப் போக ஒரு ஓரத்தில் சின்ன இடைவெளி விடுங்கள். முடிந்தது! தகடு இருக்கிறது, சொட்டும் கொழுப்பைப் பிடிக்கத் தட்டு இருக்கிறது, சுற்றி வரும் சூடு இருக்கிறது. சூடு போதுமா என்று பார்க்க, வலைக்கு ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள். ஐந்தாறு எண்ணும்வரை தாங்கினால் சரியான சூடு. இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்தால், இன்னும் பொறுக்க வேண்டும். திருகாணியும் ஃபேனும் செய்கிற வேலையை நீங்கள் இடுக்கியாலும் விசிறியாலும் செய்கிறீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

மசாலா பெரிதாக வேண்டாம். அரைக் கிலோ மீனுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, அரை டீஸ்பூன் மஞ்சள் தூள், ஒரு டீஸ்பூன் மிளகு, அரை டீஸ்பூன் சீரகம், ஆறு பல் பூண்டு, நாலைந்து சின்ன வெங்காயம். அரைத்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, மீனில் கீறல் போட்டுத் தடவி அரை மணி நேரம் வையுங்கள். ருசிக்காக மட்டும் சொல்லவில்லை. புளிப்பும் மசாலாவும் சேர்த்து ஊற வைத்தால் கருகும்போது உண்டாகிற கெடுதலான பொருள்கள் குறைகின்றன என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. எலுமிச்சை பட்ட இடம் வெளுத்து வெந்த மாதிரி தெரியும். ஏமாற வேண்டாம், அது வேகவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பைப் பாதியாக்கி, சாப்பிடும்போது எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிந்துகொள்ளலாம்.

சாளை எண்ணெய் மீன், தானாகவே வேகும். பத்து நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும், ஒருமுறை திருப்பினால் போதும். விராலில் கொழுப்பு குறைவு, அப்படியே வைத்தால் வறண்டு நார் நாராகிவிடும். அதனால் தணலில் வாட்டிய வாழையிலையில் மடித்து வையுங்கள். ஒரு அங்குலத் துண்டுக்கு இருபது நிமிடம் ஆகலாம். நேரத்தைவிட நம்பகமானது உள்சூடு. மீனின் தடித்த பாகத்தில் 63 டிகிரி வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கான ஊசித் தெர்மாமீட்டர் இப்போது சுலபமாகக் கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் முதுகு முள்ளோரம் கத்தி நுனியால் நெம்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி தெரிந்த சதை முழுக்க வெள்ளையாகி, இதழ் இதழாகப் பிரிந்து, முள்ளை விட்டுக் கழன்று வரவேண்டும். அம்மாச்சியின் மீன் தேறாமல் போனது இந்த இடத்தில்தான்.

இவ்வளவையும் வெட்டவெளியில் செய்யுங்கள். மழை வந்துவிட்டது, கொசு கடிக்கிறது என்று அடுப்பைத் தூக்கி வீட்டுக்குள் வைக்காதீர்கள். விறகு புகைந்தால் கண் எரிந்து வெளியே ஓடிவிடுவோம். கரித் தணலில் புகை தெரியாது, வாசனையும் இருக்காது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, அசதி, தூக்கம் வருகிற மாதிரி இருக்கும். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க முடியாமலே போய்விடும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா போன இடத்தில், கோழி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக அறையிலேயே வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு பேர் விடியும்போது உயிருடன் இல்லை. சமைத்தது யாரோ, பிழைத்தது யாரோ... குளிர் ஊருக்குப் போகும்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அப்படி யாராவது மயங்கிக் கிடந்தால் கதவு ஜன்னலைத் திறந்து, ஆளை முதலில் வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-க்குப் போன் செய்யுங்கள். சோடா வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள்.

அன்று சாயங்காலம் பேரன் தணலை ஒதுக்கினான், அம்மாச்சி வாழையிலையை வாட்டினார். சாளையில் பாதியை இரண்டு பேருமே காலி செய்துவிட்டார்கள். மிச்சம் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், மறுநாள் ஆவி பறக்கச் சூடு பண்ணிச் சாப்பிடலாம். ஆனி, ஆடியில் மலையிலிருந்து இறங்குகிற மேல்காற்று ஒரு பொறியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வைக்கோல் படப்பில் போட்டுவிடும். படுக்கப் போகுமுன் தணலில் தண்ணீரைக் கொட்டி, குச்சியால் கிளறி, இன்னொரு செம்பு தண்ணீரும் ஊற்றிவிடுங்கள்.