பேசும் பெட்டியைச் செய்தல்

2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையைச் சூறையாடியபோது மின்கம்பங்கள் சாய்ந்தன, அலைபேசிகள் ஊமையாயின. அத்தகைய வேளையிலும் நான்கு மின்கலங்களைக் கொண்டு செய்தி தரவல்லது வானொலி. அதனைக் கடையில் வாங்கலாம், கையாலும் செய்யலாம். கையால் செய்தவர்க்குப் பழுது நேர்ந்தால் திறந்து பார்க்கும் துணிவும் உடன் வருகிறது.

மத்திய அலை வானொலியின் உள்ளுறுப்புகள் சிலவே. ஃபெரைட் தண்டின்மீது சுற்றிய செப்புக் கம்பிச்சுருள் அலையை ஏற்கிறது. அதனோடு இணைந்த மாறு மின்தேக்கி, வேண்டிய நிலையத்தைத் தெரிவு செய்கிறது. டிஏ 7642 என்னும் மூன்று கால் சில்லு, அலையிலிருந்து ஒலிக்குறிப்பைப் பிரித்தெடுக்கிறது. எல்எம் 386 அதனைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. முன்னதற்கு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட் போதும். மின்கலங்களின் ஆறு வோல்ட்டை அதற்கு நேரே கொடுத்தலாகாது.

பெட்டியை வெறும் அழகுப் பொருளாகக் கருதுவோர் பலர். ஒலிபெருக்கியைப் பெட்டியின்றி மேசைமேல் வைத்துக் கேட்டால் உண்மை விளங்கும். அதன் படலம் முன்னே தள்ளும்போது பின்புறக் காற்று விரிவடைகிறது. இருபுற அலைகளும் விளிம்பில் கலந்து ஒன்றையொன்று அழிப்பதால் தாழ்ந்த ஒலிகள் மறைந்து, குரல் மெலிகிறது. அவ்விரண்டையும் பிரிக்கும் சுவரே பெட்டி. அச்சுவர் உலோகமாயின் வானொலி அலை உள்ளே நுழையாது, நெகிழியாயின் தடையில்லை. தண்டினை ஒலிபெருக்கியின் காந்தத்திலிருந்து விலக்கி, கிடைமட்டமாகப் பொருத்துதல் வேண்டும். தண்டின் முனை நிலையத்தை நோக்கினால் ஒலி குன்றும். பக்கவாட்டு நோக்கினால் ஓங்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்து இதனை அறியலாம்.

முப்பரிமாண அச்சுப்பொறி, உருகிய நெகிழியிழையை 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அடுக்குகளாகப் படியவைத்துப் பெட்டியை எழுப்புகிறது. பல மணிநேரப் பணி இது. அச்சிட்ட துளைகள் வரைந்த அளவினும் சற்றுக் குறுகியே அமையும். 6 மில்லிமீட்டர் தண்டுக்கு 6.3 என வரைதல் நன்று. பின்மூடியைப் பசையால் ஒட்டாமல் திருகாணியால் பிணைக்க வேண்டும். பிஎல்ஏ இழை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் இளகும். சித்திரை வெயில் விழும் சன்னலோரம் அதற்கு ஆகாது.

எண்முகப்பே இறுதியாக அச்சிடத்தக்கது. மத்திய அலைவரிசை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, அதாவது ஏறத்தாழ மூன்று மடங்கு விரிகிறது. ஒத்ததிர்வு அதிர்வெண், மின்தேக்குத் திறனின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமைவதால், மின்தேக்கி ஒன்பது மடங்கு மாறவேண்டும். எளிய அரைவட்டத் தகடுகளுடைய மின்தேக்கியில் உயர் அதிர்வெண்கள் குமிழின் ஒரு முனையில் நெருங்கிவிடும். சமதூரக் கோடுகள் பொய் கூறும். எனவே திருச்சிராப்பள்ளியின் 936 போன்ற அறிந்த நிலையங்களைப் பிடித்து, முள் நிற்கும் இடங்களைப் பென்சிலால் குறித்து, அக்குறிகளின்படியே முகப்பை வரைந்து அச்சிடுதல் வேண்டும்.