முறுக்க முறுக்க ஒழுகும்

பதினைந்து வருடம் ஓடிய காரின் எஞ்சின் தலையில் ஆயில் பிசுபிசுத்தால் முதலில் ஸ்பேனரைத்தான் தேடுகிறோம். டேப்பட் கவர் போல்ட்டை அரைச்சுற்று இறுக்கினால் கசிவு நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் நல்ல எஞ்சினில் அந்த மூடிக்குள் அடக்கிவைக்க வேண்டிய அழுத்தம் என்று ஏதும் இல்லை. பம்ப் தள்ளும் ஆயில் தாங்கிகளைத் தாண்டியதும் வேகம் இழந்து, தெறித்து வழிந்து, தன் எடையாலேயே கீழே சம்ப்புக்குத் திரும்புகிறது. அது வெளியே கசியாமல் தடுக்க ரப்பர் பேக்கிங் லேசாக அழுந்தினால் போதும். பல கார்களில் இந்தச் சிறு போல்ட்டுகளுக்கான இறுக்கம் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கிறது.

ஒழுகுவதற்குக் காரணம் ரப்பரின் மூப்பு. நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஆங்காங்கே மட்டும் பிணைந்திருப்பதால்தான் ரப்பர் அழுத்தினால் மீண்டு வருகிறது. 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில், ஆக்சிஜனும் சேர்ந்து வருடக்கணக்கில் தாக்க, பிணைப்புகள் பெருகி, அழுந்திய வடிவமே நிலைத்துவிடுகிறது. கழற்றிய பழைய பேக்கிங் மடக்கென்று ஒடிவது அதனால்தான். உலோகமும் சும்மா இருப்பதில்லை. அலுமினிய ஹெட்டின் மேல் இரும்புத் தகட்டு மூடி இருந்தால், 40 செ.மீ. நீளத்தில் 80 டிகிரி சூடேறும்போது இரண்டின் விரிவுக்கும் உள்ள வித்தியாசம் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. புது ரப்பர் அதற்கு ஈடுகொடுக்கும், கெட்டித்தது கொடுக்காது. இந்த நிலையில் மேலும் முறுக்கினால் தகடு போல்ட் துளையருகே குழிந்து, நடுவில் எழும்பும். அதன்பின் புது பேக்கிங்கும் சரியாக உட்காராது. சிலிகான் பேஸ்ட்டைச் சுற்றிலும் அப்புவது இன்னும் மோசம். உள்ளே பிதுங்கிய துணுக்கு உதிர்ந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைக்கக்கூடும். தயாரிப்பாளர் சொன்ன மூலைகளில் மட்டும் ஒரு சொட்டு வைக்கலாம்.

புது பேக்கிங் போட்டும் சில மாதத்தில் ஒழுகுகிறதே, சரக்கு போலியோ என்று கேட்பவர்கள் உண்டு. போலியும் விற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எரிந்த வாயுவில் கொஞ்சம் எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அதை மீண்டும் எரிய அனுப்பும் பி.சி.வி. வால்வு, காற்று மாசைக் குறைப்பதற்காக 1960களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் கட்டாயமானது. அந்த வால்வோ பிரீதர் ஹோஸோ கசடால் அடைபட்டால், வாயு உள்ளேயே தேங்கி அழுத்தமாகிறது. பேக்கிங் எவ்வளவு நல்லதானாலும் ஆயில் பிதுங்கத்தான் செய்யும். ரிங்கே தேய்ந்த எஞ்சினில் அடைப்பை நீக்குவதும் முழுத் தீர்வில்லை என்பது உண்மை. ஆனாலும் அதற்குச் செலவு சொற்பம். எஞ்சினைப் பிரிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய வேலை அது.

பழைய வண்டி நாலு சொட்டு சிந்தினால் என்ன என்பதுதான் மிச்சமிருக்கும் வாதம். சிந்துவது தரையில் என்றால் விட்டுவிடலாம். பிளக் குழியில் தேங்கினால் எஞ்சின் மிஸ் ஆகும். பல எஞ்சின்களில் மூடிக்கு நேர்கீழே இருப்பது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு. ஏற்றத்தில் அதன் சூடு பல நூறு டிகிரியைத் தொடும். அங்கே விழும் ஆயில் புகையும், சில வேளை தீப்பிடிக்கும். ஆகவே பேக்கிங் மாற்றக் கொடுக்கும்போது பி.சி.வி. வால்வையும் பிரீதர் ஹோஸையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மூடியின் விளிம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்து, போல்ட்டுகளை நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள்.