நீலச்சிறகி: பெயரிலேயே இருந்த விடை

பெஸ்தாரி ஜெயாவை எங்கள் தோட்டத்தில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அங்குள்ள பழைய ஈயக் குட்டைகளில் எப்போதும் தெரிவது சீழ்க்கைச் சிறகி, மலாயில் பெலிபிஸ். கடந்த டிசம்பரில் அந்தக் கூட்டத்தைவிட்டு ஒதுங்கி, சிறிய பழுப்பு வாத்து ஒன்று மிதந்தது. முகத்தில் கோடுகள், அலகின் அடியில் வெளிர்ப்புள்ளி. நீலச்சிறகி! ஐரோப்பாவிலும் ஆசியாவின் வடபகுதியிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தில் நம் பக்கம் வரும் வாத்து. ஆணுக்குரிய பட்டையான வெள்ளைப் புருவம் இல்லாததால் 'பெட்டை' என்று எழுதிவிட்டேன்.

அங்கேதான் சறுக்கினேன். இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகளின் இறகுகள் உதிர்ந்து, பெட்டையின் நிறமே வந்துவிடும். பறக்கும் இறகுகளும் சேர்ந்து உதிர்வதால் சில வாரங்கள் பறக்க முடியாது; அப்போது பளிச்சென்று தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. மற்ற பல வாத்துகள் சீக்கிரமே பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். நீலச்சிறகி ஆணுக்கோ பிப்ரவரி வரைகூட ஆகும். இறக்கையின் நீலம் மட்டும் மாறாது.

இதை வீட்டில் படித்துவிட்டு மறுநாள் காலை மீண்டும் போனேன். கொசுக்கடியில் ஒரு மணி நேரம். மோட்டார் சைக்கிள் சத்தத்தில் அது எழும்பியபோது முன்சிறகில் சாம்பல் கலந்த வெளிர்நீலம். பெட்டைக்கு அந்த இடம் மங்கலாகவே இருக்கும்.

குறிப்பேட்டில் 'பெட்டை'யை அடித்து 'ஆண்' என்று எழுதினேன். போன வருடம் எழுதிய நான்கு 'பெட்டை'களை என்ன செய்வது?