மொட்டை மாடிச் சாவி யாரிடம்?

புது வீட்டில் பால் காய்ச்சியாகி விட்டது. பெருங்களத்தூரோ, வண்டலூரோ, மேடவாக்கமோ, ஏதோ ஓர் அடுக்கு மாளிகையின் பதினோராவது மாடி. ஜன்னலைத் திறந்தால் ஜிலுஜிலுவென்று காற்று. நாற்பத்து மூன்று அங்குல டெலிவிஷன் பெட்டி சுவரில் ஏறி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் இரவு எட்டு மணித் தொடர் அந்தப் பெட்டிக்குள் எந்த வழியாக வந்து சேரப் போகிறது என்று யோசித்தீர்களா, சகோதரிகளே?

யோசித்திருக்க மாட்டீர்கள். வீடு பார்க்கப் போனால் தண்ணீர் உண்டா, லிப்ட் உண்டா, வண்டி நிறுத்த இடம் உண்டா என்று துருவித் துருவிக் கேட்கிறோம். வானத்திலிருந்து படம் இறங்க வழி உண்டா என்று யாரும் கேட்பதில்லை. குடி புகுந்த மூன்றாம் நாள் டிஷ் மாட்ட வருகிற பையன்தான் தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தை உடைக்கிறான்: "உங்க பால்கனி வடக்குப் பார்த்து இருக்கும்மா. ஸிக்னல் கிடைக்காது. மாடிக்குத்தான் போகணும். ஆனா செக்ரட்டரி ஸார் சாவி தர மாட்டேங்கிறார்."

பையன் சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். நமக்குப் படம் அனுப்புகிற செயற்கைக் கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் அதே கதியில் அவையும் சுற்றுவதால், ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். சென்னையோ பூமத்திய ரேகைக்கு 13 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆகவே எந்தக் கம்பெனியின் கோளானாலும் நமக்குத் தெற்குப் பக்கத்து வானத்தில்தான் இருக்கும். டாடா பிளே 83 டிகிரி கிழக்கில் நிற்கும் கோள்களைப் பயன்படுத்துகிறது. அதற்கு டிஷ் ஏறக்குறைய நேர் தெற்கே பார்க்க வேண்டும். சன் டைரக்டும், தூர்தர்ஷனின் இலவச டிஷ்ஷும் 93.5 டிகிரிக் கோளை நம்பியிருக்கின்றன. அதற்குத் தென்கிழக்கு.

வாஸ்து பார்ப்பவர்கள் வடக்கு குபேர திசை என்று தேடித் தேடி வாங்குகிறார்கள்; தெற்கு யமன் திசை என்று ஒதுக்குகிறார்கள். செயற்கைக் கோளுக்கு இதெல்லாம் தெரியவில்லை, பாவம்!

தெற்குப் பார்த்த பால்கனி கிடைத்தவர்களும் துள்ளிக் குதிக்க வேண்டாம். அங்கே இன்னொரு சங்கடம் காத்திருக்கிறது. லண்டன் நகரத்தில் வானத்துப் படம் அடிவானத்திலிருந்து சுமார் 25 டிகிரி சாய்வில் வருகிறது. மேல் வீட்டுப் பால்கனிக்கு அடியில் புகுந்து சௌகரியமாக உள்ளே வந்து விடும். நமக்கோ கோள் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. சுமார் 70 டிகிரி. டிஷ்ஷிலிருந்து ஓர் அடி வெளியே போனால் அந்தக் கதிர் இரண்டரை அடிக்கு மேல் உயர்ந்து விடுகிறது. பால்கனிக்குள் நாலடி தள்ளி டிஷ்ஷை வைத்தால், மேல் வீட்டுத் தளம் குடை பிடித்த மாதிரி மறைத்து விடும். அதனால்தான் கைப்பிடிச் சுவருக்கு வெளியே இரும்புக் கையை நீட்டி, அந்தரத்தில் டிஷ்ஷைத் தொங்க விடுகிறார்கள்.

இதைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் நம் ஊர் மரங்களை என்ன பாடு படுத்தியது என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். பதினோராவது மாடியில் துருப்பிடித்த நாலு திருகாணியில் நிற்கும் தட்டு ஒன்று, குழந்தைகள் விளையாடுகிற முற்றத்துக்கு நேர் மேலே ஆடிக்கொண்டிருக்கலாமா? பால்கனிக்கு வெளியே டிஷ் கூடாது என்று தடை போடும் குடியிருப்போர் சங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அதே சங்கம் மொட்டை மாடியையும் பூட்டி வைத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? பால்கனியிலும் கூடாது, மாடியிலும் கூடாது என்றால் மனிதர்கள் எங்கே போவார்கள்? மாடித் தளத்தைத் துளைத்துத் திருகாணி போட்டால் மழை காலத்தில் கடைசி மாடிக்காரர் வீட்டில் ஒழுகும் என்கிறார் செக்ரட்டரி. நியாயமான பயம்தான். அதற்குத் தளத்தைத் துளைக்காமல், கனமான கான்கிரீட் கட்டைகளில் கால்களைப் பதித்து நிறுத்தலாமே! மொட்டை மாடி எல்லோருக்கும் பொதுவான இடம். வாடகைக்கு இருப்பவர்களின் கதி இன்னும் பரிதாபம். கூட்டத்தில் வீட்டுக்காரர்தான் பேசலாம். அவரோ துபாயில் இருப்பார். பகலெல்லாம் தனியாக இருக்கும் பாட்டிக்கு அந்தப் பெட்டி ஒன்றுதான் பேச்சுத் துணை என்பதை அவருக்கு யார் சொல்வது?

நூறு வீட்டுக்கு நூறு டிஷ் வேண்டியதில்லை என்பதுதான் இதில் நல்ல சமாசாரம். கம்பெனிக்கு ஒன்றாக மூன்று, நாலு டிஷ் மாடியில் இருந்தால் கட்டடம் முழுவதற்கும் போதும்.

"அப்படியானால் பக்கத்து வீட்டு ஒயரிலிருந்தே ஒரு கிளை இழுத்துக் கொள்கிறோமே" என்று கிளம்பி விடாதீர்கள்! அங்கேதான் ரகளை ஆரம்பம். டிஷ்ஷின் மூக்கில் இருக்கிற சிறிய கருவிக்கு எல்.என்.பி. என்று பெயர். உங்கள் வீட்டு ஸெட் டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியாக அதற்கு மின்சாரம் அனுப்பி உத்தரவு போடுகிறது. 13 வோல்ட் வந்தால் ஒரு வகை அலை. 18 வோல்ட் வந்தால் வேறு வகை. நீங்கள் ஒரு சானலுக்கு 13 கேட்க, பக்கத்து வீட்டு மாமி வேறொரு சானலுக்கு 18 கேட்டால், இருவரில் ஒருவருக்குத் திரை இருண்டு விடும். மாமியாரும் மருமகளும் ஒரே சமையற்காரருக்கு உத்தரவு போட்ட கதைதான்!

இதைத் தீர்த்து வைக்கும் பெட்டிக்கு மல்ட்டி ஸ்விட்ச் என்று பெயர். எல்லா வகை அலையையும் ஒரே சமயத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, அவரவர் கேட்டதை அவரவருக்கு அனுப்பும். அதிலிருந்து வீட்டுக்கு ஒரு தனி ஒயர் இறங்கும். பாக்ஸும் மாதச் சந்தாவும் அவரவருடையது. ஒயர் நீள நீள ஸிக்னல் தேய்ந்து போகும். ஆகையால் உயரமான கட்டடத்தில் நடு வழியில் பெருக்கி வைக்க வேண்டும், அல்லது கண்ணாடி இழை போட வேண்டும். பொது டிஷ்ஷை வழக்கத்தை விடப் பெரிதாகவும் வைக்கலாம். இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். ஐப்பசி அடைமழை அதைக் குடித்து விடும். படம் சதுரம் சதுரமாக உடைவது அதனால்தான். டிஷ் பெரிதானால் ஓரளவு தாக்குப் பிடிக்கும்.

கேபிள் இருக்கிறதே என்கிறீர்களா? இருக்கிறது. வீட்டில் பெட்டி வைத்துக் கட்டணச் சானல் பார்க்கும் முறை நாட்டிலேயே முதன் முதலில் 2003 செப்டம்பர் 1-ஆம் தேதி நம் சென்னையில்தான் வந்தது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று ஆரம்பித்தது. பெரும்பாக்கத்தின் எட்டு மாடிக் குடியிருப்பு போன்ற இடங்களில் மொட்டை மாடிச் சண்டை போடுவதை விட மாடிப்படி வழியாக வருகிற கேபிளே சுலபம். சில கட்டடங்களில் ஒரே ஆபரேட்டருக்குத்தான் அனுமதி என்று எழுதாத சட்டம் வைத்திருக்கிறார்கள். அது எனக்குச் சம்மதமில்லை. போட்டி இல்லாத இடத்தில் ரிப்பேருக்கு ஆள் எப்போது வருவார் என்பது உங்களுக்கே தெரியும்.

கேபிளானாலும் டிஷ்ஷானாலும், "ஹெச்.டி. உண்டா?" என்று கேட்டுக் கொள்ளுங்கள். பழைய படத்தில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 576 வரி. ஹெச்.டி.யில் 1920-க்கு 1080. கணக்குப் போட்டால் சரியாக ஐந்து மடங்கு! கதாநாயகியின் பட்டுப் புடவை ஜரிகையில் இழையை எண்ணலாம். வில்லியின் ஒப்பனைத் திட்டும் தப்பாது. ஆனால் பெரிய டெலிவிஷனும் ஹெச்.டி. பாக்ஸும் வாங்கிவிட்டு, இரண்டையும் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரால் இணைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ! அந்த ஒயரில் ஹெச்.டி. வரவே வராது. தட்டையான வாய் உள்ள எச்.டி.எம்.ஐ. ஒயர் வேண்டும். சானலையும் ஹெச்.டி. என்றே தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். 2019 பிப்ரவரியில் வந்த டிராய் கட்டண விதியில், ஒரு ஹெச்.டி. சானலை இரண்டு சாதாரணச் சானலாகக் கணக்கிட்டார்கள். ஆகவே பார்க்கிற நாலைந்தை மட்டும் ஹெச்.டி.யில் எடுத்துக்கொண்டு, மற்றதைச் சாதாரணத்தில் விட்டு விடுவதே சிக்கனம்.

வீடு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. பூச்சு வேலைக்கு முன்னால் போய், மொட்டை மாடியிலிருந்து உங்கள் கூடத்துச் சுவர் வரை ஒயர் இறங்கக் குழாய் பதித்திருக்கிறார்களா என்று என்ஜினீயரைக் கேளுங்கள். "அதெல்லாம் இருக்கும்மா" என்பார். எங்கே என்று காட்டச் சொல்லுங்கள்.