பட்டிப்பூவும் புற்றுநோயும்

பட்டிப்பூவை அறியாதவர் எம்மிடையே இல்லை. நித்தியகல்யாணி என்றும் அதைச் சொல்வார்கள். கிணற்றடியிலும் வேலியோரத்திலும் ஒருவரும் தண்ணீர் ஊற்றாமலே நின்று வெள்ளையாகவும் ஊதாவாகவும் பூக்கும். ஆடுகூட அதில் வாய் வைப்பதில்லை. பல ஆண்டுகளின் பின் சொந்தக் காணியைப் பார்க்கப் போன எம்மில் பலர், வீட்டின் கூரையைக் காணவில்லை. முற்றத்தில் பட்டிப்பூவைக் கண்டோம்.

இச்செடியில் புற்றுநோய்க்கு மருந்து உண்டு என்ற பேச்சு எம்மிடையே உலவுகிறது. அது உண்மை. ஆனால் "அப்படியென்றால் இலையை அவித்துக் குடித்தால் போதும், வைத்தியசாலைக்கு அலைய வேண்டாம்" என்று சிலர் முடிவெடுக்கின்றனர். அந்த முடிவு உயிரைப் பறிக்கக் கூடியது. எனவே அம்மருந்து எப்படிக் கிடைத்தது, எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வோம்.

பட்டிப்பூவின் தாயகம் மடகஸ்கார் தீவு. அங்கிருந்து வெப்ப நாடுகள் எங்கும் பரவியது. ஜமெய்க்கா மக்கள் அதன் இலையைச் சலரோகத்துக்கு அவித்துக் குடித்து வந்தனர். 1952இல் அங்கிருந்து 25 இலைகள் கனடாவில் இருந்த கிளார்க் நோபிள் என்ற வைத்தியருக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றை ஆய்வாளரான தம் சகோதரர் றொபேட் நோபிளிடம் கொடுத்தார். இலைச்சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சலரோகத்துக்குப் பயன் தெரியவில்லை. ஆனால் சாறு ஊசியாக ஏற்றப்பட்ட எலிகளின் குருதியில் வெண்குழியங்கள் வெகுவாகக் குறைந்தன. நோய்க்கிருமிகளை எதிர்க்க இயலாமல் அவை இறந்தன.

வெண்குழியங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் குருதிப் புற்றுநோய். அவற்றைக் குறைக்கும் பொருள் இந்நோய்க்கு உதவக்கூடும் என்று ஆய்வாளர் எண்ணினர். றொபேட் நோபிளும் சாள்ஸ் பியரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்ததை அறிவித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வாளரும் இச்செடியை ஆராய்ந்தனர். அங்கிருந்து வின்கிறிஸ்டின் என்ற மற்றொரு மருந்தும் வந்தது. 1963இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இம்மருந்துகளின் வேலை என்ன? எமது உடலில் ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் நூல் போன்ற இழைகள் தோன்றி உள்ளிருப்பதைப் பங்கிடுகின்றன. மருந்து அந்த இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. பிரிய முடியாத கலம் அழிகிறது. புற்றுநோய்க் கலங்கள் ஓயாது பிரிவதால் அவையே அதிகம் தாக்கப்படுகின்றன. ஆனால் களைநாசினி சில வேளை நெல்லையும் கருக்குவதுபோல, விரைவாகப் பிரியும் நல்ல கலங்களும் பாதிக்கப்படும். முடி கொட்டுவதும் குருதியணுக்கள் குறைவதும் இதனாலேயே. நரம்புகளும் பாதிக்கப்படுவதால் கை கால் விறைக்கலாம், மலச்சிக்கல் வரலாம்.

அப்படியாயின் இலையை அவித்துக் குடித்தால் என்ன? கணக்கைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு ஏறத்தாழ 2000 கிலோ வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு முறை ஏற்றும் வின்கிறிஸ்டின் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேற்படாது. அது ஓர் அரிசியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. குறைந்தால் பயனில்லை, சற்றுக் கூடினால் நஞ்சு. அதனால்தான் குருதியைச் சோதித்து, அளந்து, நாளத்தினூடாக மட்டுமே ஏற்றுகின்றனர். கிருமிநாசினியை மூடியால் அளந்து தாங்கியில் கலக்கும் நாம், எம் பிள்ளைக்குக் கொடுப்பதை அளவில்லாமல் கொடுக்கலாமா? கஷாயத்தில் எந்தப் பொருள் எவ்வளவு இறங்கியது என்று எவராலும் சொல்ல முடியாது. இச்செடியில் நூற்றுக்கு மேற்பட்ட வேறு பொருட்களும் உண்டு. அவற்றுள் தீங்கானவையும் உண்டு.

"செடிதானே, என்ன கெடுதி?" என்போரும் உளர். புகையிலையும் பாக்கும் செடி, மரத்தில் விளைபவைதான். அவற்றைச் சப்புவதால் வாய்ப் புற்றுநோய் வருகிறது.

1950களில் குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் இறந்தனர். இன்று பிள்ளைகளிடையே கூடுதலாகக் காணப்படும் குருதிப் புற்றுநோய் வகையில், வசதியுள்ள நாடுகளில் 10 பேரில் 8 பேருக்கு மேல் பிழைக்கின்றனர். வின்கிறிஸ்டினை வேறு மருந்துகளுடன் சேர்த்து, நெடுங்காலம் ஒழுங்காகக் கொடுத்ததன் பலன் இது.

ஆகவே நாம் செய்யக்கூடியவை இவை:

ஆறாத வாய்ப்புண், மார்பில் அல்லது கழுத்தில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு, பிள்ளைகளில் விடாத காய்ச்சல், வெளிறல், அடிபடாமலே தோன்றும் கண்டல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது வைத்தியரிடம் காட்டுவோம். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்.

நாட்டு மருந்து ஏதும் எடுத்தால் அதை வைத்தியரிடம் மறைக்காது சொல்லுவோம். சில மூலிகைகள் ஏற்றும் மருந்தின் வேலையைக் குழப்பும்.

சிகிச்சையை இடைநடுவில் நிறுத்தாதிருப்போம். முடி கொட்டுகிறதென்று பயந்து நிறுத்தினால் நோய் திரும்பும்.

குடியிருப்பு மாறும்போது உறுதி, அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் கையில் எடுப்போம். அடுத்த இடத்து வைத்தியர் விட்ட இடத்திலிருந்து தொடர அதுவே வழிகாட்டும்.

பட்டிப்பூ முற்றத்தில் நிற்கட்டும். அதன் மருந்தை வைத்தியசாலையில் பெறுவோம்.