'அவாய்ட் ஹைவேஸ்' போட்டே காலத்தை ஓட்டுகிறீர்களா? ஈசிஆரில் கார் ஓட்டும் பயத்தை இறக்கிவைக்கும் வழி

கூகுள் மேப்பில் 'அவாய்ட் ஹைவேஸ்' என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. சுற்றிப் போனாலும் பரவாயில்லை, நெடுஞ்சாலை வேண்டாம் என்பவர்களுக்கானது. லைசென்ஸ் கையில் இருக்கும். இஎம்ஐ-யில் வாங்கிய கார் வாசலில் நிற்கும். திருவான்மியூர் சிக்னலில் அரை மணி நேரம் கிளட்சை மிதித்தபடி ஊர்ந்து போகவும் தெரியும். ஆனால் அக்கரை தாண்டி ஈசிஆர் விரிந்ததும் கை வியர்க்க ஆரம்பித்துவிடும். இப்படிப்பட்டவர்கள் நம் ஆபீஸ்களில் நிறையவே இருக்கிறார்கள், வெளியில்தான் சொல்வதில்லை. "பார்க்கிங் கிடைக்காதுப்பா", "எனக்குத் தூக்கமா வருது, இன்னிக்கு நீ ஓட்டேன்" என்று வேறு வேறு வார்த்தைகளில் அந்த பயம் வெளியே வரும்.

வீக்எண்ட் மாமல்லபுரம் டிரிப்போடு இது முடிந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. செங்கல்பட்டில் இருக்கும் அம்மாவுக்கு முடியவில்லை என்று ராத்திரி 11 மணிக்கு போன் வருகிறது, கார் கீழேதான் நிற்கிறது, நீங்கள் கேப் புக் ஆகுமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால்? மகேந்திரா சிட்டியில் கிடைத்த வேலையை 'தூரம்' என்று சொல்லி விட்டவர்களில், உண்மையில் ஜிஎஸ்டி ரோட்டுக்கு பயந்து விட்டவர்கள் எத்தனை பேரோ.

சொல்லித்தரவே இல்லையே!

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது தைரியம் இல்லாதவர்களின் பிரச்சினை என்று நினைப்பது தப்பு. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு நெடுஞ்சாலையில் ஓட்ட யாரும் சொல்லித்தந்ததே இல்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன்படி, சொந்த உபயோகக் கார் ஓட்டக் கற்பவருக்கு டிரைவிங் ஸ்கூல் குறைந்தது 10 மணி நேரம் ஓட்டும் பயிற்சி தர வேண்டும். அந்த 10 மணி நேரமும் எங்கே கழிகிறது என்று உங்களுக்கே தெரியும். வீட்டுக்குப் பக்கத்துத் தெரு, ஒரு மேம்பாலம், ரிவர்ஸ், கடைசி வாரம் முழுக்க 'எச்' போடும் பிராக்டிஸ். மூன்றாவது கியரைத் தாண்டாமலேயே லைசென்ஸ் வாங்கியவர்கள் உண்டு. அடுத்த நாளே, சட்டப்படி, ஈசிஆரில் பஸ்ஸுக்கும் டேங்கர் லாரிக்கும் நடுவில் ஓட்டலாம்!

ஜெர்மனியில் கதை வேறு. அங்கே கார் லைசென்ஸுக்கு முன் ஆட்டோபான் எனப்படும் அதிவேகச் சாலையில் மட்டும் 45 நிமிட வகுப்புகள் 4 கட்டாயம். ஊருக்கு வெளியே உள்ள சாலையில் 5, இருட்டில் 3 வகுப்புகள் தனி. பிரிட்டனில் கற்பவர்களை மோட்டார்வேயில் விடவே மாட்டார்கள். 2018 ஜூனில்தான், பயிற்சியாளர் பக்கமும் பிரேக் இருக்கும் காரில், அவர் கூடவே இருந்தால் போகலாம் என்று மாற்றினார்கள். நம் ஊரிலும் 2021 ஜூலை முதல் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் வந்தன. கார் பயிற்சிக்கு மொத்தம் 29 மணி நேரம், அதில் 21 மணி நேரம் ஓட்டும் பயிற்சி. அந்தப் பாடத்திட்டத்தில் நெடுஞ்சாலை என்ற வார்த்தையே எழுதப்பட்டிருக்கிறது. தெருமுனை டிரைவிங் ஸ்கூலில் கற்று வந்த நமக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மூளை செய்யும் தப்புக் கணக்கு

வாகனம் ஓட்டுவதில் வரும் தீவிர பயத்துக்கு 'அமாக்ஸோஃபோபியா' என்று ஒரு பெயர் உண்டு. வண்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெயர் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அது வளரும் விதம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முட்டுக்காடு பாலத்தில் போகிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர், ஒதுங்க இடமில்லை. பக்கத்தில் ஒரு பஸ் வேகமாகக் கடக்கிறது, அதன் காற்றில் கார் லேசாக ஆடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, 'மயக்கம் போட்டுவிடுவேனோ' என்று தோன்றுகிறது. பாலம் முடிந்ததும் கோவளத்தில் வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள். அப்பாடா!

அந்த 'அப்பாடா'தான் வில்லன். திரும்பி வந்ததால்தான் பிழைத்தோம் என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவை அக்கரையிலேயே படபடப்பு ஆரம்பிக்கும், அதற்கடுத்து சாவியை எடுக்கும்போதே. தப்பித்துப் போகும்போது கிடைக்கும் நிம்மதியே பயத்துக்குத் தீனி போடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஓ.எச். மவ்ரர் 1947-லேயே விளக்கினார்.

சரிசெய்யும் வழி அதைவிடப் பழசு. 1924-ல் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சின்னப் பையனின் கதையை எழுதினார். அவனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டில் இருந்த முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் அவனே முயலைத் தொட்டு விளையாடினான். 1958-ல் ஜோசப் வோல்ப் இதை முறையான சிகிச்சையாக எழுதி வைத்தார். இன்று தெரபிஸ்டுகள் செய்யும் 'எக்ஸ்போஷர்' சிகிச்சைக்கு வேர் இங்கேதான். "ஒரே மூச்சா பாண்டிச்சேரி வரைக்கும் ஓட்டு, பயம் தெளிஞ்சிரும்" என்று சொல்லும் மாமாக்கள் முயலைத் தூக்கி மடியில் போடுகிறார்கள். பல நேரம் அது விபரீதமாகத்தான் முடிகிறது.

பயத்தில் நியாயமும் இருக்கு

'எல்லாம் மனப்பிரமை' என்று சொல்ல மாட்டேன். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாட்டிலேயே அதிக சாலை விபத்துகள் நடந்தது தமிழ்நாட்டில்தான்: 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு நாடு முழுக்க நடந்த சாலை மரணங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் அதிவேகக் கணக்கில் சேர்ந்தவை.

கணக்கு போட்டுப் பார்த்தாலும் வேகம் ஏன் பயமுறுத்துகிறது என்பது புரியும். காய்ந்த சாலை, நல்ல டயர். ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், 40 கி.மீ. வேகத்தில் கார் நிற்க சுமார் 25 மீட்டர் ஆகும். 60-ல் சுமார் 45. 80-ல் கிட்டத்தட்ட 70. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் மூன்று மடங்கை நெருங்குகிறது. ஆகவே 100-ல் பறக்க பயப்படுகிறீர்கள் என்றால், தயவுசெய்து அந்த பயத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். போக்க வேண்டியது, 60-ல் இடது லேனில் போவதற்கான பயத்தை மட்டும்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்று: நெடுஞ்சாலையைத் தவிர்த்தால் கிடைப்பது பாதுகாப்பான சாலை என்று அர்த்தமில்லை. திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டுக்குக் காட்டுவழியாகப் போகும் சாலையையோ, திருக்கழுக்குன்றம் வழியையோ நினைத்துப் பாருங்கள். நடுவில் தடுப்பு கிடையாது. எதிரே வரும் பஸ் ஒரு பைக்கை ஓவர்டேக் செய்தால் நேராக உங்கள் முகத்துக்குத்தான் வரும். ஈசிஆரில் அக்கரை முதல் மாமல்லபுரம் வரை நான்குவழி, நடுவில் மீடியன். ராங் சைடில் வரும் ஸ்கூட்டர்களைத் தவிர எதிரே யாரும் வர முடியாது. (அந்த ஸ்கூட்டர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம்.) பழக ஆரம்பிப்பவருக்கு, வேகம் அதிகமாக இருந்தாலும், மீடியன் உள்ள சாலைதான் சுலபம்.

திருவிடந்தையில் தொடங்கலாம்

சென்னைப் பக்கமிருந்து வருபவர்களுக்கு நான் சொல்லும் இடம் திருவிடந்தை. கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் மாலையைப் போட்டுக்கொண்டு சுற்றிவரும் நித்யகல்யாணப் பெருமாள் கோயில் ஊர். 2018-ல் ராணுவத் தளவாடக் கண்காட்சி நடந்ததும் இங்கேதான். கோவளத்தின் நெரிசல் முடிந்த பிறகு வரும் ஊர். இங்கிருந்து வடநெம்மேலி முதலைப் பண்ணை, நெம்மேலி, பட்டிபுலம், சாளுவன்குப்பம் என்று போனால் மாமல்லபுரம். மொத்தம் 15 கிலோமீட்டர் சொச்சம்தான். இந்தச் சாலை கிட்டத்தட்ட வடக்கு தெற்காகப் போகிறது, அதனால் காலையிலும் மாலையிலும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்காது.

நேரம் முக்கியம். சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். பைக் ரேஸ் பசங்களும் ரிசார்ட் கூட்டமும் சேர்ந்து ஈசிஆர் வேறு சாலையாகிவிடும். வார நாளில், விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு, 6.30 மணி போலக் கிளம்புங்கள். திருவிடந்தை வரைக்கும் வேறு யாராவது ஓட்டட்டும். நீங்கள் முன்சீட்டில் உட்கார்ந்து சாலையைப் பாருங்கள், மீடியன் எங்கெல்லாம் திறக்கிறது, பஸ் எங்கே நிற்கிறது என்று. முதல் நாள் இது போதும், ஸ்டியரிங்கையே தொட வேண்டாம்.

அடுத்த நாள், ஓட்டுவதற்கு முன்பே எந்த யூ-டர்னில் திரும்புவது என்று முடிவு செய்துவிடுங்கள். முதலைப் பண்ணை தாண்டி வரும் திறப்பு என்றால் அதேதான், படபடத்தாலும் அதற்கு முன்னால் திரும்பக் கூடாது, நன்றாகப் போனாலும் அதைத் தாண்டக் கூடாது. தூரத்தை இவ்வளவு சின்னதாக வைப்பதே பாதியில் திரும்பாமல் முடிப்பதற்காகத்தான். அதே துண்டை, சலித்துப்போகும் வரை ஓட்டுங்கள். 'போர் அடிக்குது' என்று தோன்றினால் அடுத்த யூ-டர்னுக்குத் தயார். சிலருக்கு ஒரு வாரம் ஆகும், சிலருக்கு இரண்டு மாதம்.

கூட வருபவர் யார் என்பதும் முக்கியம். தன் பக்கம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே "பாத்து, பாத்து" என்பவர் வேண்டாம். அப்படி ஆள் கிடைக்கவில்லை என்றால் டிரைவிங் ஸ்கூல் காரை எடுத்து, "எனக்கு எச் வேண்டாம், ஹைவே மட்டும்" என்று கேளுங்கள். அவர்கள் பக்கம் பிரேக் நிஜமாகவே இருக்கும். சில தடவை ஆனதும் தனியாகவும் ஓட்டிப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து சீட்டு ஆளே புது ஊன்றுகோலாகிவிடுவார்.

சாலையின் பாஷையும் கொஞ்சம் தெரிய வேண்டும். பின்னால் ஹைபீம் அடித்தால் நம் ஊரில் 'நான் வருகிறேன், விடு' என்று அர்த்தம். பிரிட்டனில் பலர் அதையே 'நீங்க போங்க' என்பதற்கு அடிப்பார்கள், வெளிநாட்டில் ஓட்டிப் பழகியவர்கள் இதில் குழம்புவதுண்டு. முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால் சில டிரைவர்களுக்கு அது 'ஓவர்டேக் பண்ணிக்கோ', சிலருக்கு 'நான் வலது பக்கம் வரப்போறேன்'. நான்குவழிச் சாலையில் இரண்டாவது அர்த்தத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இருப்பது நல்லது. லாரிக்குப் பக்கவாட்டில் நீண்ட நேரம் ஒட்டி ஓட்டாதீர்கள். பின்னால் இடைவெளி விட்டுப் போங்கள், வலது லேன் காலியானதும் ஒரே சீராகக் கடந்துவிடுங்கள். பயத்தில் வலது லேனில் 40-ல் போவதுதான் இருப்பதிலேயே ஆபத்து. மெதுவாகப் போக இடது லேன் இருக்கிறது, அங்கே நிற்கும் இளநீர் வண்டியையும் மாட்டையும் தூரத்திலேயே பார்த்துவிட்டால் போதும்.

நடுரோட்டில் படபடப்பு வந்தால்?

சடன் பிரேக் கூடாது, லேனிலேயே நிறுத்தவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த விரல்களை விடுங்கள். இழுப்பதைவிட விடும் மூச்சு நீளமாக இருக்கட்டும். பேனிக் அட்டாக் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், தானாக இறங்கும். முடியவே இல்லை என்றால் இண்டிகேட்டர் போட்டு, அடுத்து வரும் பெட்ரோல் பங்கில் ஒதுங்குங்கள். தணிந்த பிறகு, முடிவு செய்த யூ-டர்ன் வரைக்கும் போய்விட்டே திரும்புங்கள்.

நெஞ்சு வலி, நிஜமான மயக்கம், பார்வை மங்கல் இதெல்லாம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மாத்திரைகள் சில தூக்கத்தை வரவழைக்கும், அவற்றைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது. ஏற்கெனவே விபத்தில் சிக்கி, அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது என்றால் யூ-டர்ன் பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம், மனநல ஆலோசகரோடு சேர்ந்து செய்யுங்கள். டெலி-மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மாமல்லபுரம் வரை பழகியாகிவிட்டது என்றால் அடுத்தது ஜிஎஸ்டி ரோடு. லாரி அதிகம், லேன் மாறுவதும் அதிகம். அங்கேயும் இதே மாதிரி ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். பரனூர் டோலைத் தாண்டிப் போவதாக இருந்தால் ஃபாஸ்டேக் பேலன்ஸை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பூத் முன்னால் நின்று ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தால், பின்னால் அடிக்கும் ஹாரன்களில் ஒரு மாதப் பிராக்டிஸும் போய்விடும்.